சிவசோதிக்கு விட்ட இடம்

மல்கிரேவ், மெல்பேர்ண்
12 பெப்ரவரி 2012

மதிப்பிற்குரிய அருந்தவன் அங்கிளுக்கு,

என் பெயர் தாரகா. ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறேன். இந்த ஆகஸ்டில் சிட்னியில் நடக்கப்போகும் உங்கள் இசை நிகழ்ச்சிக்கு ஒரு விழா மலர் போடுகிறார்கள். அதற்கு உங்கள் பாடல்களின் முழுப் பட்டியலையும் எழுதும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சேஷாத்ரி சேர் "இதை யார் செய்றீங்க?" என்று கேட்டவுடன் எல்லோரும் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டத் தொடங்கினார்கள். என்னுடையது கயிறு இல்லாத சப்பாத்து.

அதற்காக வேண்டா வெறுப்பாகச் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய இருபத்தேழு கசெற்றுகளும் வந்துவிட்டன. அப்பா கராஜிலிருந்து பழைய பிளேயரைத் தேடித் துடைத்துத் தந்தார். ஒரு நாளைக்கு இரண்டு வீதம் கேட்டு, வருடம், பாட்டின் பெயர், வாத்தியம், பாடியவர் என்று கொப்பியில் கட்டம் போட்டு எழுதுகிறேன். தமிழ்ப் பாட்டு என்றால் சாமிப் பாட்டும் சினிமாப் பாட்டும்தான் என்று நினைத்திருந்தேன். கித்தாரும் டிரம்மும் மவுத் ஓர்கனுமாக, பஸ்ஸில் சாப்பாட்டுப் பெட்டியை விட்டுவிட்டு வேலைக்குப் போன ஒரு மனிதனைப் பற்றி ஐந்து நிமிடம் தமிழில் பாடலாம் என்று எனக்குத் தெரியாது. என் சிநேகிதி நிரூபா கேட்டுவிட்டு, "லொறி ஓட்டுறவர் மாதிரிப் பாடுறாரடி" என்றாள். லொறி ஓட்டுகிறவரைப் பற்றித்தான் பாடுகிறார் என்றேன்.

ஒரு சந்தேகம். உங்கள் பாட்டுகளில் முதல் குரல் ஏதாவது கேட்கும், இரண்டாம் குரல் பதில் சொல்லும். பழைய கசெற்றுகளில் இரண்டாம் குரல் சிவசோதி என்று அட்டையில் இருக்கிறது. பதினான்காவது கசெற்றில் பெயர் இல்லை. ஆனால் அவர் பாடுகிறார். எழுத மறந்துவிட்டீர்களா? போன் எடுத்துக் கேட்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். நீங்கள் போனில் பேச மாட்டீர்களாம். ஏன்?

அன்புடன்,
தாரகா

*

செவன் ஹில்ஸ், சிட்னி
26 பெப்ரவரி 2012

தாரகா பிள்ளைக்கு,

உமது கடிதம் கிடைத்தது. இவ்வளவு வடிவாக எழுதுகிறவருக்கு என் கோழிக் கிறுக்கலில் பதில் போட வெட்கமாக இருக்கிறது.

போன் ஏன் இல்லை என்றால், எனக்குக் காது கேட்காது. ஒரு காதை அம்பிளிபயர் தின்றது. மற்றதை இங்கே இருபது வருடம் நான் நின்று வேலை செய்த தகரம் அழுத்தும் மெஷின் தின்றது. மேடையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பலகையில் வரும் டிரம் அதிர்வைக் காலால் பிடித்துப் பாடுகிறேன். சனத்துக்கு இது தெரியாது. உமக்கும் தெரியாது என்றே வைத்துக்கொள்ளும்.

சிவசோதியும் நானும் காங்கேசன்துறை சீமெந்து ஆலையில் ஒரே ஷிஃப்ட். 1978இல் ஆலைக் கன்ரீனில்தான் முதல் முதல் பாடினோம். கேள்வி எனக்கு, பதில் அவனுக்கு. 86இல் நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது அவன் வரவில்லை. "நீ போட்டு வா. நான் இஞ்ச நிண்டு பதில் சொல்லுறன்" என்றான்.

அதற்குப் பிறகு அவனுடைய வரிகளை வேறு ஒருவரையும் பாட விடவில்லை. நானும் பாடவில்லை. என் வரியைப் பாடிவிட்டு மைக்கை விட்டு ஓரடி பின்னால் போவேன். டிரம்மில் பதினாறு தட்டு. அது அவனுக்கு விட்ட இடம். பிறகு முன்னால் வந்து அடுத்த வரி. இருபத்தைந்து வருடமாக இதுதான் என் முறை. "அருந்தவன் வரி மறந்து போனான்" என்று சிரித்தவர்களும் இருக்கிறார்கள்.

நீர் சொல்லும் பதினான்காவது, 1994இல் என் கராஜில் பதிந்தது. நானும் ஒரு டிரம் மெஷினும் மட்டும். அவன் அப்போது வன்னியில். நான் பழைய கசெற்றின் மேலேயே திரும்பப் பதிகிறவன். அடியில் கிடந்தது கசிந்திருக்கும்.

அருந்தவன்

*

மல்கிரேவ்
18 மார்ச் 2012

அன்புள்ள அங்கிள்,

அடியில் கிடந்தது கசிந்ததா என்று சோதித்துப் பார்த்தேன். அப்படியென்றால் நீங்கள் பாடும்போதும் பின்னால் கேட்க வேண்டும். கேட்கவில்லை. நீங்கள் பின்னால் போகிற அந்தப் பதினாறு தட்டுக்குள் மட்டும்தான் கேட்கிறது. தொடங்குமுன் மூச்சு எடுக்கிற சத்தமும் இருக்கிறது.

இன்னொன்று. அவர் பாடும் சொற்கள் ஒவ்வொரு கசெற்றிலும் வேறு. "ஆலைச் சங்கு" பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை நீங்கள் ஆறு முறை பதிந்திருக்கிறீர்கள். நீங்கள் எப்போதும் "சங்கு ஊதுது, ஆர் வாறியள்?" என்றுதான் கேட்கிறீர்கள். 1979இல் அவர், "நான் வாறன், கஞ்சி ஆறட்டும்" என்கிறார். அது அட்டையிலும் அச்சாகியிருக்கிறது. 1994இல், "நான் வாறன், பாலம் உடைஞ்சு கிடக்கு." 2001இல், "நான் வாறன், வதனிக்குக் காய்ச்சல்." குரலுக்கும் வயது போகிறது. 2001இல் இடையில் செருமுகிறார்.

கடைசிக் கசெற்றில் "ஒத்திகை, ஜூன் 2009" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதில் குரல் தூரத்தில் இருக்கிறது, பெரிய வெளிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடுவது போல. "நான் வாறன், தண்ணிக்கு நிக்கிறன்" என்கிறார். பிறகு பிளாஸ்ரிக் கான் ஒன்றை நிலத்தில் வைக்கிற சத்தம்.

எனக்கு மட்டும் கேட்கிறதோ என்று பயந்து அப்பாவைக் கூப்பிட்டேன். "ஓம், ஆரோ பாடுறான். றேடியோ குறுக்க விழுந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அன்றைக்கு அவர் கராஜ் லைற்றை அணைக்கவில்லை.

வதனி யார், அங்கிள்?

தாரகா

*

செவன் ஹில்ஸ்
2 ஏப்ரல் 2012

தாரகா,

உமது கடிதத்தை மூன்று நாளாகப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

வதனி சிவசோதியின் மனைவி. 2009 மே மாதம் கடைசிச் சண்டைக்குள் இருவரும் ஒன்றாக இருந்தார்கள். அவன் ஒரு கானை எடுத்துக்கொண்டு தண்ணிக்குப் போனான். வரிசை நீளம். அதற்குள் ஷெல் விழுந்து சனம் அள்ளுப்பட்டது. சனத்தோடு வதனியும் இழுபட்டுப் போனாள். அவன் எங்கே என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அவள் கடல் வழியாக வந்து இப்போது வில்லாவுட் தடுப்பு முகாமில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறேன். அவள் சொல்வதை ஒரு கடதாசித் துண்டில் எழுதித் தருவாள். தண்ணிக்குப் போன கதையை அப்படித்தான் எனக்குச் சொன்னாள். அந்தத் துண்டு என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. வேறு ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

அந்த ஒத்திகையைப் பதிந்தபோது எனக்கு அது தெரியாது.

நேற்றுக் கசெற்றின் பிரதி ஒன்றைப் போட்டு ஸ்பீக்கர் துணியில் கையை வைத்துப் பார்த்தேன். என் குரல் வரும்போது துணி நடுங்குகிறது. நான் நிறுத்தியதும் நிற்க வேண்டும். நிற்கவில்லை. என் கை நடுங்கியதோ தெரியாது.

வதனி இன்றும் பொட்டு வைக்கிறாள். அவன் படத்துக்கு மாலை இல்லை, விளக்கு இல்லை, திதியும் இல்லை. காணாமல் போனவருக்கு நாங்கள் அவை செய்வதில்லை. இது உமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மலரில் அவன் பெயரை மட்டும் போடும். கேட்ட கதை ஒன்றும் வேண்டாம். மற்றப் பாட்டுகளில் அவன் சொல்வதையெல்லாம் எனக்கு எழுதி அனுப்பும். ஒன்றையும் விட வேண்டாம்.

அருந்தவன்

*

மல்கிரேவ்
3 ஜூன் 2012

அன்புள்ள அங்கிள்,

மலர் வந்துவிட்டது! உங்களுக்கு ஒரு பிரதி இதோடு வருகிறது. நாற்பத்து மூன்றாம் பக்கத்திலிருந்து அறுபதாம் பக்கம் வரை என்னுடைய பட்டியல். நூற்றுப் பன்னிரண்டு பாட்டுகள். நீங்கள் சொன்னபடி குரலைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அவர் சொன்னவற்றைத் தனித் தாள்களில் எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த கடிதத்தில் அனுப்புவேன்.

பெயர்கள் எல்லாவற்றையும் மரியாதையாகவே போட்டிருக்கிறேன். விழாக் குழுத் தலைவர் ஈஸ்வரமூர்த்தி அங்கிள் கடைசியாக ஒருமுறை பார்த்தார். "இந்தச் சிவசோதி இப்ப எங்க இருக்கிறார்?" என்றார். 2009இலிருந்து தகவல் இல்லை என்றேன். "அப்ப பேருக்கு முன்னால அமரர் எண்டு போடு பிள்ளை. சபைக்குப் போற புத்தகம். வெறும் பேராப் போட்டா இறந்த மனிசனுக்கு மரியாதை இல்லை" என்றார். எனக்கும் அது சரியென்று பட்டது. உங்களோடு பாடியவர், அவருக்கு மரியாதை குறையக் கூடாது. அந்தச் சொல்லை நானே என் கையால் சேர்த்தேன்.

எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

தாரகா

*

செவன் ஹில்ஸ்
17 ஜூன் 2012

செல்வி தாரகா அவர்களுக்கு,

நீங்கள் தயாரித்த மலரை ஒருவர் வில்லாவுட்டுக்குக் கொண்டுபோய் வதனியிடம் கொடுத்திருக்கிறார். நான் போனபோது நாற்பத்து நான்காம் பக்கம் அவள் மடியில் திறந்தபடி இருந்தது. அவள் அழவில்லை. "உங்களுக்கு எப்ப தெரியும்? ஏன் அண்ணை எனக்கு மட்டும் சொல்லேல்லை?" என்று துண்டில் எழுதினாள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்று எழுதினேன். அச்சில் வந்த சொல்லைத் தொட்டுக் காட்டினாள். எழும்பிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை.

நான் அவனுக்கு இருபத்தைந்து வருடம் இடம் விட்டு வைத்தேன். நீங்கள் நான்கு எழுத்தில் அதை அடைத்துவிட்டீர்கள்.

ஆகஸ்டில் நான் பாடவில்லை. இனி எங்கும் பாடவில்லை. ஈஸ்வரமூர்த்திக்கு எழுதிவிட்டேன். கடிதம் போட வேண்டாம்.

இ. அருந்தவன்

*

மல்கிரேவ்
1 ஜூலை 2012

அங்கிள்,

போட வேண்டாம் என்றீர்கள். ஒரே ஒருமுறை மன்னியுங்கள்.

ஈஸ்வரமூர்த்தி அங்கிள் வீட்டில் நானூறு பிரதிகள் இருந்தன. அப்பா கூட்டிக்கொண்டு போனார். நான் கதிரையில் இருந்து ஒவ்வொன்றாகத் திறந்து அந்தச் சொல்லைக் கறுப்பு மையால் அடித்தேன். ஈஸ்வரமூர்த்தி அங்கிள், "ஒரு சொல்லுக்கு இவ்வளவு கூத்தோ? புத்தகத்தைப் பழுதாக்காதை" என்று கத்தினார். அப்பா, "அவளை விடுங்கோ அண்ணை" என்றார். பின்னேரம் ஐந்து மணிக்கு முடிந்தது. வெளியே போய்விட்ட முப்பது பிரதிகளைத் திரும்பக் கேட்டு எழுதியிருக்கிறேன். பதினொன்று வந்திருக்கின்றன.

நான் நிறையப் புத்தகம் படிப்பவள். அச்சில் வந்தால் அது உண்மை என்று நானும் நம்புகிறவள்தான். அதனால் வதனி அன்ரி ஏன் நம்பினார் என்று எனக்கு விளங்குகிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

தாரகா

*

செவன் ஹில்ஸ்
14 ஒக்டோபர் 2012

தாரகா,

நான்கு மாதம் உமக்கு எழுதவில்லை. கோபம் பாதி, வெட்கம் பாதி. பேர் மட்டும் என்று சொன்னவன், ஏன் என்று விளங்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது ஒரு தேவைக்காக எழுதுகிறேன். கோபத்தில் வதனியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கசெற்றுகள், பதினாறு தட்டு, நீர் கேட்டது. கேலி செய்வாள் என்று நினைத்தேன். "கொண்டு வாங்கோ. அவர் இல்லையெண்டு அவரே சொல்லட்டும், புத்தகம் சொல்லத் தேவையில்லை" என்று எழுதினாள்.

என்னால் கேட்டுப் பார்க்க முடியாது. அவன் இன்னும் இருக்கிறானா? இல்லாவிட்டால் நான் கொண்டு போகவில்லை. வெறும் கசெற்றைக் கொடுத்து அவளை இரண்டாம் தரம் கொல்ல மாட்டேன். உண்மையை எழுதும்.

அருந்தவன்

*

மல்கிரேவ்
19 ஒக்டோபர் 2012

அன்புள்ள அங்கிள்,

நான்கு தரம் எழுதிக் கிழித்தேன். மூன்றில் "இருக்கிறார்" என்று எழுதியிருந்தேன்.

இல்லை. மலர் வந்த வாரத்திலிருந்து இல்லை. நீங்கள் மைக்கை விட்டுப் பின்னால் போகிற காலடி கேட்கிறது, பிறகு பதினாறு தட்டுக்கும் வெறும் இரைச்சல், பிறகு நீங்கள். இருபத்தேழையும் இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்தேன். 1979ஆம் வருடக் கசெற்றிலும் அவர் இல்லை, அங்கிள். அட்டையில் பெயர் இருக்கிறது, கஞ்சி ஆறட்டும் என்ற வரி அச்சில் இருக்கிறது, அவர் குரல் மட்டும் இல்லை. அப்பாவும் கேட்டார். "எங்க பிள்ளை அந்த ஆள்?" என்றார். இந்த முறை றேடியோ என்று சொல்லவில்லை.

ஜூலையிலேயே எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்ட கடிதத்தில் இதை மறைத்தேன்.

பெட்டியை இன்று தபாலில் அனுப்புகிறேன். கொண்டு போவதும் விடுவதும் உங்கள் முடிவு. அவர் சொன்னவற்றை எழுதிய தாள்களும் உள்ளே இருக்கின்றன.

தாரகா

*

செவன் ஹில்ஸ்
9 டிசம்பர் 2012

தாரகா பிள்ளை,

கொண்டு போனேன். குரல் இல்லை என்று நீ எழுதிய கடிதத்தை முதலில் வதனிக்கு வாசிக்கக் கொடுத்தேன், பிறகு கசெற்றைக் கொடுத்தேன். காவலாளி வோக்மனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தான்.

பதினான்காவது. அவள் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் சிரித்தாள். பிறகு கோபம் வந்தது போல உதட்டைக் கடித்தாள். முழுப் பக்கமும் கேட்டு முடித்து, துண்டை இழுத்து எழுதினாள்.

"அவர் பாடுறார். நீங்கள் ஏன் அண்ணை பாடேல்லை?"

எனக்கு விளங்கவில்லை. அவள் இன்னும் எழுதினாள். "உங்கட இடம் முழுக்க வெறுமையாக் கிடக்கு. பாவம், அவர் ஆரும் கேளாமல் தனியப் பதில் சொல்லிக்கொண்டு நிக்கிறார்."

பிள்ளை, அந்தத் துண்டை இரண்டு தரம் வாசித்தேன். இனிப் பாடவில்லை என்று உனக்கு எழுதியது நான். நீ எழுதிய சொல்லால் உனக்கு அவன் இல்லாமல் போனான். நான் எழுதிய சொல்லால் அவளுக்கு நான் இல்லாமல் போனேன். இதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. யோசித்தால் பயமாக இருக்கிறது.

பாடப்போகிறேன். ஈஸ்வரமூர்த்தி மார்ச் 16 என்று மண்டபம் எடுத்திருக்கிறார். வதனிக்கு முகாமுக்கு வெளியே இருக்கப் பிரிட்ஜிங் விசா கிடைத்திருக்கிறது, அவளும் வருவாள்.

நீ முன் வரிசையில் இரு. நான் பின்னால் போனதும் உன்னைத்தான் பார்ப்பேன். அவன் பாடுவது கேட்டால் வலது கையைத் தூக்கிப் பிடி. முடிந்ததும் இறக்கு. கேட்காவிட்டால் தூக்காதே, நான் பதினாறு எண்ணிவிட்டு வந்துவிடுவேன். அப்படியென்றால் அன்றோடு அந்த இடத்தையும் மூடிவிடுவேன், அதன் பிறகு முழுப் பாட்டும் நானே பாடுவேன். எனக்காக இரங்கிக் கையைத் தூக்காதே. நீ சொல்லப்போவதுதான் முடிவு.

அருந்தவன்

*

மல்கிரேவ்
19 மார்ச் 2013

அன்புள்ள அங்கிள்,

மண்டபத்தில் உங்களைச் சுற்றிச் சனம், துண்டில் எழுதித் தர முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பொய் எழுத மாட்டேன்.

வதனி அன்ரி எனக்கு வலப் பக்கத்தில் வந்து இருந்தார். மெல்லிய ஆள். அவர் நெற்றியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு பார்க்காமலே இருந்தேன். "நீதானே அந்தப் புத்தகக்காரி?" என்றார். ஓம் என்றேன். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். "பாட்டுத் தொடங்கப்போகுது, பேசாமல் இரு" என்றார்.

நீங்கள் வெறுங்காலோடு வந்தீர்கள். "ஆலைச் சங்கு." ஆர் வாறியள் என்று கேட்டுவிட்டு ஓரடி பின்னால் போய் என்னைப் பார்த்தீர்கள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அங்கிள். டிரம் மட்டும். நான் கையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தேன். இரண்டாவது தட்டில் வதனி அன்ரி என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கை ஐஸ் போல இருந்தது. என் கையை மேலே தூக்கினார். நான் தூக்கவில்லை, அவர் தூக்கினார். அவர் உங்களைப் பார்க்கவில்லை, தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பதினாறாவது தட்டில் இறக்கினார். நீங்கள் முன்னால் வந்து பாடினீர்கள்.

எட்டுப் பாட்டிலும் இப்படித்தான். கடைசிப் பாட்டு உங்களுக்கு நினைவிருக்கும். பதினாறு முடிந்தும் அவர் என் கையை இறக்கவில்லை. நான் எண்ணினேன். முப்பத்திரண்டு. நாற்பத்தெட்டு. டிரம் அடிக்கிறவர் உங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நீங்கள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். முந்நூறு பேரில் ஒருவர் இருமவில்லை, ஒரு குழந்தை அழவில்லை. என் தோள் நோகத் தொடங்கியது. கையைச் சற்றுத் தளர்த்தினேன். "பொறு" என்றார், உதடு மட்டும் அசைந்தது. நூற்றுப் பன்னிரண்டாவது தட்டில் மெதுவாக இறக்கினார்.

ஆகவே எனக்குக் கேட்டதா என்றால், இல்லை. அந்த இடத்தை மூடுவதா என்றால், என்னிடம் கேட்காதீர்கள், கையைத் தூக்கியது நான் இல்லை.

சனம் எழும்பிக் கை தட்டியபோது நான் அன்ரியின் காதருகே போய், "கடைசியில என்ன அன்ரி சொன்னவர்?" என்று கேட்டேன். அவர் கைப்பையைத் திறந்து லேஞ்சியை எடுத்து என் மணிக்கட்டைத் துடைத்தார். அது நனைந்திருந்ததை அப்போதுதான் கண்டேன்.

"அது எங்கட வீட்டுக் கதை பிள்ளை," என்றார். "உன்ர புத்தகத்தில போட்டிடாதை."

தாரகா